இணையம் துண்டிக்கப்பட்ட வெள்ளிக்கிழமை

பெரியோர்களே, மாணவ நண்பர்களே, வணக்கம்.

எகிப்தில் 2011 ஜனவரி 25 அன்று தொடங்கி 18 நாள் நடந்த எழுச்சியை உலகம் 'முகநூல் புரட்சி' என்றே நினைவில் வைத்திருக்கிறது. இளைஞர்கள் ஒரு பக்கம் தொடங்கினார்கள், லட்சம் பேர் சேர்ந்தார்கள், 30 ஆண்டு ஆண்ட அதிபர் முபாரக் போய்விட்டார் என்று கதை முடிந்துவிடுகிறது. அந்தக் கதையை நம்பினால், அடுத்த இரண்டே ஆண்டில் ராணுவம் எப்படித் திரும்ப வந்தது என்பது நமக்கு ஒருநாளும் விளங்காது.

சமூக ஊடகம் உண்மையில் செய்ததைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. 2010 ஜூன் மாதம், அலெக்சாந்திரியாவில் காலித் சயீத் என்ற 28 வயது இளைஞரை ஓர் இணைய மையத்திலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் இழுத்துப்போய் அடித்துக் கொன்றார்கள். போதைப் பொட்டலத்தை விழுங்கி மூச்சுத் திணறிச் செத்தான் என்றது அரசு. பிணவறையில் எடுத்த அவருடைய முகத்தின் படம் இணையத்தில் வந்ததும் அந்தப் பொய் செல்லாமல் போனது. 'நாங்கள் எல்லோரும் காலித் சயீத்' என்ற முகநூல் பக்கத்தை வாயெல் கோனிம் என்பவர் தொடங்கினார். கூகுள் நிறுவனத்தில் வேலை பார்த்த அவர், தன் பெயரை வெளியே சொல்லாமல்தான் அதை நடத்தினார். நெருக்கடிநிலைச் சட்டம் 1981 முதல் அமலில் இருந்த நாடு அது. நாலைந்து பேர் கூடி நின்றாலே குற்றம். அந்தப் பக்கத்தின் அழைப்பை ஏற்று இளைஞர்கள் கறுப்பு உடை உடுத்திக் கடற்கரைச் சாலையில் நின்றார்கள். 'கூட்டம்' என்று சட்டம் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, கடலைப் பார்த்தபடி, வாய் திறக்காமல் நின்றார்கள். பயத்தில் தனித்தனியாக இருந்தவர்களுக்குத் தங்களைப் போல் இன்னும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று முதன்முதலில் காட்டியது அந்த ஊடகம்தான். அது சிறிய காரியமில்லை.

ஆனால் அதற்கு முன்பே தெருவில் இறங்கியவர்கள் இருந்தார்கள். நைல் டெல்டாவில் மஹல்லா அல்குப்ரா என்ற ஆலை நகரம். 2006 டிசம்பரில், தருவதாகச் சொன்ன போனஸ் வராததால், அங்குள்ள அரசுப் பஞ்சாலையில் 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலில் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தவர்கள் பெண்கள். ஆண்கள் எங்கே என்று கேட்டுக்கொண்டே ஆலைக்குள் நடந்தார்கள். 2008 ஏப்ரல் 6 அன்று வேலைநிறுத்தம் என்று அவர்கள் மறுபடியும் அறிவித்தபோது, ஆதரவாகக் கெய்ரோ இளைஞர்கள் ஒரு முகநூல் குழுவைத் தொடங்கினார்கள். சுமார் 70,000 பேர் சேர்ந்தார்கள். பின்னாளில் எழுச்சியின் மையமான கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்துக்கு ஆள் திரட்டிய 'ஏப்ரல் 6 இளைஞர் இயக்கம்' அப்படித்தான் பிறந்தது. அதன் பெயரிலேயே ஒரு பஞ்சாலைப் போராட்டத்தின் தேதி இருக்கிறது. இதை யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்குத் தீராத வருத்தம்.

ஜனவரி 25க்கு வருவோம். அன்று காவலர் தினம், அரசு விடுமுறை. எங்கெங்கே கூடுவது என்று ஏற்பாட்டாளர்கள் இணையத்தில் 20 இடங்களை அறிவித்தார்கள். போலீஸ் அத்தனை இடங்களிலும் வந்து நின்றது. அறிவிக்காத இடம் ஒன்று இருந்தது. பூலாக் அல்தக்ரூர் என்ற உழைப்பாளிகளின் குடியிருப்பில், ஒரு மிட்டாய்க் கடைக்குப் பக்கம். அந்த இடத்தை எந்தத் திரையிலும் எழுதவில்லை, வாய்மொழியாகவே வைத்திருந்தார்கள். அங்கே சந்து சந்தாக நடந்து, மாடியில் நின்றவர்களைக் கீழே கூப்பிட்டு, சில நூறு பேர் சில ஆயிரமானார்கள். போலீஸ் தடுப்பை உடைத்துத் தஹ்ரீரை முதலில் எட்டியவர்களில் அவர்களும் உண்டு.

மூன்றாம் நாள் நள்ளிரவுக்குப் பின் அரசு நாடு முழுக்க இணையத்தைத் துண்டித்தது. ஜனவரி 28, வெள்ளிக்கிழமை காலையில் கைப்பேசியும் செத்துவிட்டது. அன்றுதான் அதுவரை காணாத கூட்டம் தெருவுக்கு வந்தது! தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல்களிலிருந்து நேராக வந்தார்கள். வீட்டிலிருந்தே நிலவரம் பார்க்க வழியில்லாதவர்கள், பிள்ளையைத் தேடிப் போனவர்கள் என்று எல்லோரும் வெளியே வந்தார்கள். தஹ்ரீருக்குப் போகும் கஸ்ர் அல்நீல் பாலத்தில் தண்ணீர்ப் பீரங்கிக்கும் கண்ணீர்ப்புகைக்கும் எதிரே மணிக்கணக்கில் நின்று, அன்று மாலை போலீஸையே பின்வாங்க வைத்தார்கள். இணையம் பிப்ரவரி 2 அன்றுதான் திரும்பியது. அதற்கு அடுத்த வாரம் சூயஸ் கால்வாய் நிறுவனங்கள், பேருந்து, மஹல்லா ஆலை என்று வேலைநிறுத்தம் பரவியது. பிப்ரவரி 11 அன்று முபாரக் பதவி விலகினார்.

இனித்தான் நாம் கவனிக்க வேண்டிய பகுதி. ஆட்சியைக் கையில் எடுத்த ராணுவக் குழு உடனே முகநூலில் தனக்கென்று ஒரு பக்கம் திறந்து, அறிக்கைகளை அங்கேயே வெளியிட்டது. எதிரியின் கருவியைக் கற்றுக்கொள்ள அதற்குச் சில நாட்களே தேவைப்பட்டன. மார்ச் 19 அன்று ராணுவக் குழு கொண்டுவந்த அரசமைப்புத் திருத்தங்கள்மீது வாக்கெடுப்பு. தஹ்ரீர் இளைஞர்கள் 'வேண்டாம்' என்று பிரசாரம் செய்தார்கள். முகநூலைத் திறந்தால் எங்கும் அவர்கள் குரல். பெட்டியைத் திறந்தபோது 77 சதவீதம் 'வேண்டும்'. வாக்களித்த பெரும்பான்மையோடு அவர்கள் பேசியிருக்கவே இல்லை. தங்களுக்குள் பேசியதை நாடே பேசியதாக எண்ணிவிட்டார்கள். அன்றைக்கு இணையம் இருந்தது எகிப்தியரில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு.

அதன்பின் திரை ஒரு சண்டைக்களம் ஆனது. மதச்சார்பற்றோரும் இஸ்லாமியக் கட்சியினரும் ஒருவரையொருவர் துரோகி என்றார்கள். 2012 தேர்தலில் வென்று அதிபரான இஸ்லாமியக் கட்சிக்காரர் முர்சியை 2013 ஜூலையில் ராணுவம் கவிழ்த்தது. ஆகஸ்ட் 14 அன்று கெய்ரோவின் ரபா சதுக்கத்தில் கூடியிருந்த முர்சி ஆதரவாளர்கள் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டபோது, முன்பு தோளோடு தோள் நின்றவர்களில் சிலர்கூட அதைச் சரி என்றார்கள். ஒரு சமூகத்தை விடுவிக்க இணையம் போதும் என்று 2011இல் சொன்ன கோனிம், அது தவறு என்று பின்னாளில் மேடையேறிச் சொன்னார். நான் அவரை மதிப்பது அதற்காகத்தான்.

அரசுக்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை. 2018இல் வந்த சட்டப்படி, 5,000 பேருக்கு மேல் பின்தொடரும் கணக்கு எதையும் ஊடகமாகக் கருதி முடக்கலாம். கைதி ஒருவரின் மரணம் பற்றிய பதிவைப் பகிர்ந்ததற்காக ஜனநாயகச் செயற்பாட்டாளர் அலா அப்தெல் ஃபத்தாஹுக்கு 2021இல் ஐந்தாண்டுச் சிறை விதித்தார்கள்.

மறுபடியும் 2011க்கு வருவோம். ஜனவரி 28 இரவில் போலீஸ் மறைந்ததும், தெருத்தெருவாக மக்கள் காவல் குழு அமைத்தார்கள். டாக்டரும் வாகன ஓட்டியும் காய்கறிக்காரரும் கையில் கம்போடு விடியும்வரை ஒரே முனையில் நின்றார்கள். வாக்கெடுப்பு பற்றி வாதாட வேண்டியவர்கள் அங்கே இருந்தார்கள். கருத்து ஒவ்வாதவரை 'பிளாக்' செய்ய முடியாத இடம் அது. மறுநாளும் அவர் அதே தெருவில் இருப்பார். புரட்சியின் தலைவர்கள் அந்தக் குழுக்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. சில வாரங்களில் அவை கலைந்தன. முபாரக் காலத்து உள்ளாட்சி மன்றங்களை 2011 ஜூனில் நீதிமன்றம் கலைத்தது. அவற்றுக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2008இல். எகிப்தின் ஊராட்சிகளுக்கும் நகரங்களுக்கும் அதற்குப் பிறகு இன்றுவரை உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை.