முதல் உழவர்களின் குகைகளும் எலும்புகளும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பழங்கால எலும்புகளைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேச முடியுமா என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, பதினைந்து நிமிடத்துக்குள் நிறுத்த முடியுமா என்பதே என் கவலையாக இருந்தது. ஆகவே உலகம் முழுவதும் சுற்றாமல், பெரும்பகுதி நேரத்தை இத்தாலியில் உள்ள ஒரே ஒரு குகையில் செலவிடலாம் என்று முடிவு செய்தேன். நேரம் இருந்தால் கிரேக்க நாட்டுக்கும் போகலாம்.

குகை, எலும்பு என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துக் கேட்டவுடன், தோலை உடுத்திக்கொண்டு நெருப்பைச் சுற்றி அமர்ந்திருக்கும் குகைவாசிகள்தாம் பெரும்பாலோர் மனத்தில் தோன்றுகிறார்கள். நான் சொல்லப்போகிறவர்கள் அவர்கள் அல்லர். இவர்கள் கோதுமையும் பார்லியும் விதைத்தவர்கள். செம்மறியும் வெள்ளாடும் மாடும் வளர்த்தவர்கள். வீடு கட்டி, ஊராக வாழ்ந்தவர்கள். இவர்கள் குகையில் குடியிருக்கவில்லை. வெளிச்சத்தில் வாழ்ந்துகொண்டு, குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காக மட்டும் இருட்டுக்குள் போய் வந்தவர்கள். இந்த வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

தென்கிழக்கு இத்தாலியில், ஆட்ரியாட்டிக் கடலை ஒட்டி, பூலியா என்றொரு மாநிலம் உண்டு. அதன் வடபகுதியில் தவோலியேரே என்னும் பரந்த சமவெளி இருக்கிறது. இன்றைக்கும் அது கோதுமை விளையும் பூமிதான். இந்தச் சமவெளியின் பழமை வெளிச்சத்துக்கு வந்த கதையை எந்த மேடையில் ஏறினாலும் நான் சொல்லாமல் இறங்குவதில்லை, இங்கும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஃபோஜா நகரைச் சுற்றி நேச நாடுகளின் விமானத் தளங்கள் இருந்தன. விமானங்கள் எடுத்துவரும் நிழற்படங்களை உற்றுப் பார்த்து, அவற்றில் தெரிவது சாலையா, பதுங்குகுழியா, பீரங்கி மேடையா என்று கணிப்பதற்கென்றே அதிகாரிகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜான் பிராட்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயர். அடிப்படையில் தொல்லியல் ஆர்வலர். போர் முடியும் தறுவாயில், 1945 ஆம் ஆண்டின் கோதுமைப் பருவத்தில், வயல்களுக்கு நடுவே வட்டம் வட்டமாகக் கோடுகள் ஓடுவதை அவரும் அவருடைய தோழர் பீட்டர் வில்லியம்ஸ்-ஹண்ட்டும் படங்களில் கவனித்தார்கள். பெரிய வட்டம் ஒன்று; அதற்குள் பிறை வடிவில் பல சிறு வட்டங்கள். அவை போருக்காக வெட்டப்பட்ட குழிகள் அல்ல.

அந்தக் கோடுகள் எப்படித் தெரிந்தன என்பது வயல் பார்த்த எவருக்கும் எளிதில் புரியும். பழைய அகழி ஒன்று காலப்போக்கில் மண் மூடித் தூர்ந்துபோனாலும், அங்கு மண் ஆழமாகவும் ஈரப்பசையோடும் இருக்கும். சுற்றியுள்ள சுண்ணாம்புப் பாறைத் தரையில் பயிர் வாடத் தொடங்கும் நாளில், அகழிக்கு மேலுள்ள பயிர் மட்டும் உயரமாகவும் பச்சையாகவும் நிற்கும். வயலின் வரப்பில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலிருந்து பார்த்தால் ஊரே தெரியும். ஏழாயிரம், எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய உழவர்களின் அகழி சூழ்ந்த குடியிருப்புகள் நூற்றுக்கணக்கில் இப்படித்தான் வெளிப்பட்டன. குண்டு போடுவதற்காக எடுத்த படங்களிலிருந்து ஐரோப்பாவின் மிக அடர்ந்த புதிய கற்கால ஊர்த்தொகுதிகளில் ஒன்று கிடைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. சரி, குகைக்கு வருவோம்.

இந்த ஊர்களில் இறந்தவர்களை என்ன செய்தார்கள்? பலரை ஊருக்குள்ளேயே, வீட்டுக்கு அருகிலோ தூர்ந்த அகழியிலோ, காலை மடக்கி ஒருக்களித்துப் படுக்கவைத்துப் புதைத்தார்கள். அதுவே அவர்களுடைய சாதாரண வழக்கம். ஆகவே குகையில் கிடைக்கும் எலும்புகள் ஊரில் இறந்த எல்லாருடைய எலும்புகளும் அல்ல. ஏதோ ஒரு காரணத்தால் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருடையவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் குகையைக் கண்டவுடன் அதை அந்த ஊராரின் சுடுகாடு, இடுகாடு என்று எழுதிவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை.

சமவெளியின் வடக்கு ஓரத்தில், மன்ஃப்ரெடோனியா என்ற கடற்கரை நகரத்தை ஒட்டி, ஸ்கலோரியா குகை இருக்கிறது. 1931 ஆம் ஆண்டில் குடிநீர்க் கால்வாய்ப் பணியின்போது அது தற்செயலாகத் தட்டுப்பட்டது. மேலே அகன்று தாழ்ந்த கூரையுள்ள ஒரு கூடம். அதிலிருந்து இறங்கிப் போனால் நீர் சொட்டும் ஒரு கீழ்க்கூடம். கீழ்க்கூடம் 1967 இல்தான் தெரியவந்தது. அதை இத்தாலியத் தொல்லியலாளர் சாந்தோ தினே ஆராய்ந்தார். பிறகு 1978, 1979 ஆம் ஆண்டுகளில் அவரும், கலிஃபோர்னியாவிலிருந்து வந்த மரியா கிம்புட்டாசும் இணைந்து மேற்கூடத்தைத் தோண்டினார்கள். கிம்புட்டாஸ் தொல் ஐரோப்பாவின் பெண் தெய்வங்களைப் பற்றிய கொள்கையால் பெரும் புகழும் அதே அளவு எதிர்ப்பும் பெற்றவர். அவர் 1994 இல் காலமானபோது ஸ்கலோரியாவின் முழு அறிக்கை வெளிவந்திருக்கவில்லை. எர்னஸ்டீன் எல்ஸ்டரும் ஜான் ராபும் பிற ஆய்வாளர்களும் அந்தப் பழைய பெட்டிகளை மீண்டும் திறந்து, ஒவ்வோர் எலும்புத் துண்டாக ஆராய்ந்து, 2015, 2016 ஆம் ஆண்டுகளில்தான் முடிவுகளை வெளியிட்டார்கள். தோண்டுவதற்குக் கிடைக்கும் பணமும் உற்சாகமும் தோண்டியதை எழுதுவதற்குக் கிடைப்பதில்லை. ஆதிச்சநல்லூர் அகழாய்வின் அறிக்கைக்காகக் காத்துக் கிடந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பெட்டிகளில் இருந்தவை ஆயிரக்கணக்கான மனித எலும்புத் துண்டுகள். முழு உடலாகக் கிடந்தவர்கள் மிகச் சிலரே. மற்றவையெல்லாம் உடைந்து, விலங்கெலும்புகளோடும் பானை ஓடுகளோடும் கல் கருவிகளோடும் கலந்து கிடந்தவை. இத்தகைய குவியலிலிருந்து எத்தனை பேர் என்று எப்படிக் கணக்கிடுவது? கல்யாண மண்டபத்தின் வாசலில் கலைந்து கிடக்கும் செருப்புகளில் இடக்கால் செருப்புகளை மட்டும் எண்ணினால், உள்ளே குறைந்தது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதேபோல் உடலில் ஒன்றே ஒன்று இருக்கக்கூடிய ஒரு பாகத்தை, எடுத்துக்காட்டாக இடத் தொடை எலும்பின் மேல்முனையை, எண்ணுகிறோம். இப்படிக் கணக்கிட்டதில் குறைந்தது 22 பேர் தேறினார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். குறைந்தது என்ற சொல்லை வலியுறுத்துகிறேன். உண்மையில் எத்தனை பேர் என்பதற்கு அது விடை ஆகாது.

இப்போது ஒரே ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். நேயர்கள் கண்ணை மூடிக் கற்பனை செய்யலாம். விரல் நீளத்தில் ஒரு கை எலும்பின் சில்லு. நேராக விளக்கைப் பிடித்தால் வெறும் மங்கிய பரப்பு. விளக்கைப் பக்கவாட்டில், எலும்பின் மேல் வெளிச்சம் சாய்ந்து விழும்படி பிடித்தால், மயிரிழை போன்ற கோடுகள் நிழலோடு எழும்பித் தெரியும். அவை என்ன கோடுகள் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. எலி கடித்திருந்தால் அகலமான, அடி தட்டையான பள்ளங்கள் இணையிணையாக வரிசையில் நிற்கும். செடியின் வேர் அரித்திருந்தால் கோடு வளைந்து நெளிந்து அலையும். மணலில் கால்பட்டுத் தேய்ந்திருந்தால் கீறல்கள் ஆழமின்றித் தாறுமாறாகப் பல திசைகளில் ஓடும். கல் கத்தி பட்டிருந்தால் மட்டுமே கோடு குறுகலாக, நேராக, உட்பக்கம் கூராக இறங்கியிருக்கும். அதுவும் தசையோ தசைநாரோ எலும்பைப் பற்றியிருக்கும் இடத்தில் இருக்கும். அந்த இடம் முக்கியம். கோட்டின் வடிவம் மட்டும் போதாது, அது எங்கே இருக்கிறது என்பதும் சேர வேண்டும்.

ஸ்கலோரியாவின் மனித எலும்புகளில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கில் இத்தகைய கத்தித் தடங்கள் இருந்தன. உடனே நரமாமிசம் என்று கூவுவதற்குப் பலர் ஆயத்தமாக இருக்கிறார்கள். பொறுக்க வேண்டும். புதிய உடலைக் கூறுபோடும்போது விழும் வெட்டு வேறு. காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் கடைசித் தசையைச் சுரண்டும்போது விழும் கீறல் வேறு. இங்கு இருப்பவை இலேசான சுரண்டல் கீறல்கள். இறந்து ஓராண்டு வரை ஆனபின், பெரும்பாலான தசை தானே அழிந்துபோன நிலையில், மிச்சத்தைக் கல் கருவியால் நீக்கித் தூய்மை செய்திருக்கிறார்கள் என்பதே ஆய்வாளர்கள் வந்தடைந்த முடிவு. நரமாமிசமே கிடையாது என்றும் நான் சொல்லவில்லை. தென் பிரான்சின் ஃபோன்பிரெகுவா குகையில், அதே புதிய கற்காலத்தில், மனித எலும்புகளும் ஆட்டெலும்புகளும் ஒரே விதமாக வெட்டப்பட்டு, ஒரே விதமாக உடைக்கப்பட்டு, ஒரே விதமான குழிகளில் போடப்பட்டிருந்தன. பாவோலா வில்லாவும் அவருடைய குழுவினரும் அதை நரமாமிசத்தின் சான்றாக 1986 இல் முன்வைத்தார்கள், மறுத்தவர்களும் உண்டு. ஒரு குகையில் கிடைத்த விடையை இன்னொரு குகைக்குத் தூக்கிச் செல்ல முடியாது.

ஆக, ஸ்கலோரியாவில் நடந்தது என்ன? ஒருவர் ஊரில் இறக்கிறார். உடல் வேறெங்கோ வைக்கப்படுகிறது அல்லது புதைக்கப்படுகிறது. மாதங்கள் கழிகின்றன. பிறகு சில எலும்புகள் மட்டும் எடுக்கப்பட்டு, தூய்மை செய்யப்பட்டு, சில வேளைகளில் 15 முதல் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊர்களிலிருந்துகூட, குகைக்குக் கொண்டுவரப்படுகின்றன. சுடலையில் பால் தெளித்து எலும்பு பொறுக்கி, கலயத்தில் கட்டிக் கடற்கரைக்கோ ஆற்றுக்கோ கொண்டுபோய்க் கரைத்திருக்கும் நம் வீட்டாருக்கு, சாவு ஒரே நாளில் முடிந்துவிடும் காரியம் அன்று என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வழக்கங்களுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் இந்த வழக்கம் உள்ள நமக்கு அவர்கள் செய்தது விநோதமாகத் தோன்றக் காரணமில்லை.

என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பது அதற்கு அடுத்த கட்டம். அத்தனை பொறுமையாகச் சுரண்டித் தூய்மை செய்த எலும்பை அவர்கள் குழி தோண்டி அடக்கவில்லை, மாடத்தில் வைக்கவில்லை, உடைத்து, ஓட்டாஞ்சல்லிகளோடும் ஆட்டெலும்போடும் தரையில் விட்டுவிட்டுப் போனார்கள். அலட்சியமா? அப்படித் தோன்றவில்லை. துக்கத்தின் கடைசிப் படி அதுவாக இருந்திருக்க வேண்டும். கடைசித் தசையும் நீங்கிய பிறகு அது இன்னாருடைய கை, இன்னாருடைய தலை என்ற நிலை முடிந்துபோகிறது. பிறகு அது வெறும் பொருள். கைவிடுதலே சடங்கின் முடிவு என்று ராப் குழுவினர் கொள்வது எனக்கு ஏற்புடையதாகவே இருக்கிறது.

கீழ்க்கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கு கூரையிலிருந்து சுண்ணாம்பு நீர் சொட்டி, கல்விழுதுகள் தொங்குகின்றன. அந்த நீரை ஏந்துவதற்காக வண்ணம் தீட்டிய நேர்த்தியான பானைகளை வைத்திருக்கிறார்கள். பாறையிலேயே ஒரு தொட்டியும் வெட்டியிருக்கிறார்கள். அன்றாடம் குடிக்கத் தண்ணீர் எடுக்க யாரும் இத்தனை நல்ல பானையோடு இருட்டுக்குள் இறங்கமாட்டார்கள் என்பதால், தினே இதை நீர் வழிபாடு என்றார். கல்விழுதுகளும் தூய்மை செய்த எலும்புகளும் ஒரேபோல் வெண்மையும் கடினமுமாக இருப்பதைச் சுட்டி, எலும்பைக் கல்லிடமே திருப்பிக் கொடுத்தார்கள் என்று ராப் கருதுகிறார். அழகான விளக்கம். நிரூபிக்க முடியாத விளக்கமும்கூட. கத்தித் தடத்துக்கு நான் கொடுக்கும் நம்பிக்கையை இதற்குக் கொடுக்கமாட்டேன்; ஆனால் இதைவிட நல்ல விளக்கம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் இருந்து கைகாட்டுகிறார்கள். கிரேக்க நாட்டுக்கு விரைந்து போய்வர வேண்டியதுதான். அந்நாட்டின் தெற்கிலுள்ள பெலொப்பொனீஸ் தீபகற்பத்தின் தென்கோடியில், டிரோஸ் விரிகுடாவின் கரையில், அலெப்போட்ரிப்பா குகை இருக்கிறது. 1958 இல் கண்டறியப்பட்ட அதை 1970 முதல் யோர்கோஸ் பாபதனசோபுலோஸ் அகழ்ந்தார். ஏறத்தாழ கி.மு. 6000 தொடங்கிக் கி.மு. 3200 அளவில் நிலநடுக்கத்தால் வாயில் இடிந்து மூடும்வரை மக்கள் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் அங்கு கிடைத்தன. ஓரிடத்தில் மண்டையோடுகளை மட்டும் கல் சூழ அடுக்கி வைத்திருந்தார்கள். மண்டையோடுகளில் நூற்றுக்குப் பதின்மூன்றில் அடிபட்டு ஆறிய தழும்பு உண்டு. கடல் காலடியில் இருந்தும் அவர்கள் மீனை அதிகம் உண்ணவில்லை, தானியத்தையே நம்பியிருந்தார்கள் என்று எலும்பின் வேதியியல் காட்டுகிறது. இதை விரித்துச் சொல்லவே நான் குறிப்பு எடுத்துவந்தேன்.

இஸ்ரேலின் வடபகுதியான கலிலேயாவின் பெக்கீன் குகை இன்னும் மிச்சமிருக்கிறது. 1995 இல் சாலை போடும்போது வெளிப்பட்டது. செம்புக் காலத்தைச் சேர்ந்தது. சுமார் அறுநூறு பேர். வீடு போலவும் மனித முகம் போலவும் வனைந்த சுடுமண் பேழைகளில் எலும்புகள். அவர்களில் 22 பேரின் மரபணுவை ஆராய்ந்தபோது உள்ளூர் முன்னோரோடு அனத்தோலியா (இன்றைய துருக்கி), ஈரான் பகுதி முன்னோரின் கலப்பும் தெரிந்தது; முடிவு 2018 இல் வெளிவந்தது. இதற்கு மேல் நேரமில்லை. வணக்கம்.