380 ரூபாய்க் காந்தமும் மணவாளக்குறிச்சிக் கருமணலும்

வணக்கம் நண்பர்களே. சென்ற காணொளியில் என் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்ததாகப் பலர் எழுதியிருந்தீர்கள். கைப்பேசியின் ஒலிவாங்கித் துளைக்குள் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணல் புகுந்துவிட்டதுதான் காரணம். அதைச் சுத்தம் செய்துகொடுக்கக் கடைக்காரர் 450 ரூபாய் வாங்கினார். மணல் எடுக்க நான் வாங்கிய காந்தத்தின் விலையே 380 ரூபாய்தான் என்று எண்ணும்போது இன்னமும் வயிறு எரிகிறது.

பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தோடு கடற்கரையில் அலைந்து நான் தோற்றுப்போனதை முன்பே பார்த்திருப்பீர்கள். கருமணலில் பெரும்பகுதியான இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் கலந்த கனிமம், அத்தகைய காந்தத்துக்கு எளிதில் மசியாது. இம்முறை நியோடிமியம் என்ற உலோகம் சேர்த்துச் செய்த வலிமையான காந்தத்தை மணலுக்கு மேலே பிடித்ததுதான் தாமதம், கருமணிகள் முள்ளம்பன்றிபோல் சிலிர்த்து எழுந்து ஒட்டிக்கொண்டன. அந்த நியோடிமியம் இதே மணலில் கிடைக்கும், தோரியம் என்ற உலோகமும் அடங்கிய மோனசைட் என்னும் கனிமத்திலும் உண்டு என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இனி, எனக்கு எரிச்சலூட்டிய கருத்துக்கு வருகிறேன். இங்கே மணல் தொழிலை அரசுதான் முதலில் தொடங்கியது என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். அது சரியன்று. 1909 ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றுப் பொருள்களில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். நம் ஊரில் கதம்பையை (தேங்காய் மட்டையை) ஊறவைத்து, அடித்து, தும்பாக்கிக் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு அதில் மணல் ஒட்டாமல் இருக்காது என்பது தெரியும். நாம் உதறிவிட்டுப் போகும் அந்த மணலை அவர் சோதித்துப் பார்த்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே மணவாளக்குறிச்சியில் அவருடைய ஆலை எழுந்தது.

அவருக்கு அவ்வளவு அவசரம் ஏன் என்பதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். அக்காலத்து எரிவாயு விளக்குகளில், நம் வீட்டுப் பெட்ரோமாக்ஸில் கட்டுகிறோமே, அதே போன்ற மேண்டில் வலைகள் இருந்தன. ஆவுர் என்ற ஆஸ்திரிய வேதியியலாளர் 1891 இல் செம்மைப்படுத்திய வலையில் 99 விழுக்காடு தோரியம் ஆக்சைடும் 1 விழுக்காடு சீரியம் ஆக்சைடும் இருந்தன. அந்தத் தோரியம் மோனசைட்டிலிருந்து எடுக்கப்பட்டது. அதுவரை அதற்குப் பிரேசில் நாட்டு மணலே பெரிய ஆதாரமாக இருந்தது. முதல் உலகப்போர் வந்ததும் ஷோம்பெர்க் கைது செய்யப்பட, தொழில் ஆங்கிலேய நிறுவனங்களின் கைக்குப் போயிற்று.

பிறகு மின்விளக்கு பரவியதால் மேண்டிலின் மவுசு குறைந்தது. ஆனால் மோனசைட்டைப் பிரித்தபின் வேண்டாத மிச்சமாகக் கிடந்த இல்மனைட்டுக்கு, வெள்ளைச் சாயத்துக்கான டைட்டானியம் டை ஆக்சைடு அதிலிருந்து கிடைப்பதால், 1920களில் யோகம் அடித்தது. எனக்கு மோனசைட்டைவிட இல்மனைட்டின் கதைதான் பிடிக்கும். அரசு நிறுவனமான இந்திய அருமணல் ஆலை 1950 இல்தான் உருவானது. மணவாளக்குறிச்சி ஆலையை அது ஏற்றது 1965 இல். அதற்குள் இந்த மாவட்டமே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தை விட்டு 1956 இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்துவிட்டது.

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்காலத்துக் கடல் எடை குறைந்த வெண்மணலை இழுத்துச் சென்று கனமான கருமணலைக் கரையில் விட்டுவிடுவதையும் சொல்ல வேண்டும். நீரைப்போல், வெண்மணலில் பெரும்பகுதியான குவார்ட்ஸ் 2.65 மடங்கு கனம், இல்மனைட் ஏறத்தாழ 4.7 மடங்கு.

இன்னொன்று விட்டுப்போயிற்று. காந்தத்தை வெறுமனே மணலில் வைத்துவிடாதீர்கள், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்; உறையை உருவினால் மணல் தானாக உதிர்ந்துவிடும். நான் அப்படிச் செய்யாமல் அரைமணி நேரம் விரலால் தேய்த்து, அதே கையால் கைப்பேசியை எடுத்ததால்தான் அந்த 450 ரூபாய். எங்கள் கிணற்றடியில் பழைய தும்புக் கயிறு ஒன்று கிடக்கிறது. இந்தக் காணொளி முடிந்ததும் அதை உதறிக் காந்தம் வைத்துப் பார்க்கப் போகிறேன், உறைக்குள் போட்ட காந்தத்தோடு.