பச்சை டிக்கும் இரண்டு ரூபாயும்

வணக்கம் நேயர்களே. நான் கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரி. முப்பது வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து, இப்போது ஓய்வில் இருக்கிறேன். ஆன்லைனில் பொருள் வாங்கும்போது கார்டைச் சரிபார்ப்பது பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்குள் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், செல்போனுக்கு வரும் வங்கிச் செய்தி மட்டும் இங்கிலீஷ். இந்த மூன்றாவது மொழி போன ஓணத்துக்கு முன்னால் என் பக்கத்து வீட்டில் என்ன செய்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த வீட்டு மருமகள் போனில் ஒரு சேலை விளம்பரம் பார்த்தாள். கசவுக் கரை போட்டது, 1,299 ரூபாய். கார்டு எண்ணை அடித்து முடித்ததும் பக்கத்திலேயே பச்சை டிக் விழுந்தது. அதற்குக் கீழே, "கார்டைச் சரிபார்க்க 2 ரூபாய் மட்டும் எடுக்கப்படும், உடனே திரும்பி வரும்" என்று பிழையில்லாத தமிழில் ஒரு வரி. ஓடிபி வந்தது. ஆறு எண்ணையும் அடித்தாள். நடந்தது காலை பதினொன்றரைக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் முகம் வெளுத்துப்போய் என் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, இந்த மெசேஜைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க." படித்தேன். ஓடிபி வந்த அதே செய்தியில், அந்த ஆறு எண்ணுக்குப் பக்கத்திலேயே, தொகை 24,500 என்று தெளிவாக இருந்தது. கடைப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு பெயர்.

"பச்சை டிக் வந்துச்சேக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த டிக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலரும் ஏமாறுவது அங்கேதான்.

கார்டின் கடைசி இலக்கம், முன்னால் உள்ள இலக்கங்களை வைத்துக் கணக்குப் போட்டு வருவது. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் கண்டுபிடித்த முறை. 1960-இல் காப்புரிமை கிடைத்தது. மனக்கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். முதலில் ஒரு 4, பின்னால் பதினைந்து 1 என்று பதினாறு இலக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இலக்கத்தில் தொடங்கி, ஒன்று விட்டு ஒன்றை இரட்டிப்பாக்குங்கள். 4 எட்டாகும், ஏழு 1-கள் இரண்டு இரண்டாகிப் பதினான்கு. தொடாமல் விட்ட எட்டு 1-கள் எட்டு. மொத்தம் 30. பத்தால் மீதியில்லாமல் வகுபட்டால் எண் சரி. இரட்டிப்பாக்கும்போது ஒன்பதைத் தாண்டினால் அதிலிருந்து ஒன்பதைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தாலும் கூட்டல் இடிக்கும்.

இந்தக் கணக்கைப் போட வங்கியைக் கேட்கவே வேண்டாம். அந்த இணையப் பக்கமே போட்டுக்கொள்ளும். நேர்மையான கடையிலும் அந்த டிக் விழும், திருட்டுக் கடையிலும் விழும். எண்ணைப் பிழையில்லாமல் அடித்தீர்கள் என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்வதில்லை.

சரி, உண்மையான சரிபார்ப்பு எங்கே நடக்கிறது? கார்டு கையில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் பின்புறம் அச்சடித்த மூன்று இலக்கம். அது காந்தப் பட்டையில் பதிவதில்லை. பணம் போன பிறகு கடை அதைச் சேமித்து வைக்கவும் கூடாது. அடுத்ததுதான் ஓடிபி. இந்தியக் கடைகளில் ஆன்லைனில் கார்டைப் பயன்படுத்தும்போது இன்னொரு படிச் சோதனை கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதலே நடைமுறைப்படுத்தியது. வெளிநாட்டுத் தளங்கள் சில ஓடிபி கேட்காமலே பணத்தை எடுக்கும். அதனால் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் அணைத்தே வையுங்கள். உள்நாட்டு ஆன்லைன் பயன்பாட்டையும் வேண்டும்போது திறந்து, முடிந்ததும் மூடலாம். 2020-இல் வந்த விதி இந்த உரிமையை நமக்குக் கொடுத்திருக்கிறது.

இன்னொரு விஷயம். 2022 அக்டோபர் 1 முதல் கடைகள் நம் முழுக் கார்டு எண்ணையும் சேமித்து வைக்க அனுமதி இல்லை. பதிலாக டோக்கன் என்ற மாற்று எண்தான். யாராவது போன் செய்து, "உங்க கார்டு நம்பர் எங்ககிட்ட இருக்குங்க, பின்னால உள்ள மூணு நம்பரை மட்டும் சொல்லுங்க" என்றால் உடனே வைத்துவிடுங்கள். எவ்வளவு மரியாதையாகத் தமிழ் பேசினாலும் சரி. நம் மொழியைக் கேட்டதும் மனசு இளகும் எல்லைக்காரர்கள் நாம். அது அவர்களுக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் கார்டின் பின்னால் இருந்த எண்ணுக்குப் போன் போட்டுக் கார்டை முடக்கினோம். அப்புறம் 1930. சைபர் மோசடிக்கான உதவி எண் அது, கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் அதே எண்தான். ஒரு பகுதிப் பணம் வழியிலேயே நிறுத்தப்பட்டுப் பல மாதம் கழித்து வந்தது. மீதி போனது போனதுதான். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதிப்படி, வங்கி மீதும் நம் மீதும் தப்பில்லாமல் மூன்றாம் ஆளால் பணம் போயிருந்தால், வங்கியின் செய்தி வந்து மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் நமக்கு நஷ்டமில்லை. நாமே ஓடிபியைக் கொடுத்திருந்தால், புகார் செய்யும்வரை போனது நம் தலையில். புகார் செய்த பிறகு போவது வங்கியின் தலையில். பதினொன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? வீட்டுக்காரர் திட்டுவாரே என்று அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஐந்தரை மணி நேரம்தான் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

இப்போது அவள் வீட்டு நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. வங்கிச் செய்தியில் வரும் இங்கிலீஷ் சொற்களை அவளே பார்த்து எழுதி, எதிரே தமிழில் பொருள் போட்டிருக்கிறாள். டெபிட் என்றால் பணம் போகிறது. ஐஎன்ஆர் என்றால் ரூபாய், அடுத்து வருவது தொகை. அட் என்றால் அதன் பின்னால் வருவது கடைப் பெயர். போன வாரம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "அக்கா, மேண்டேட்டுன்னா என்னங்க?" என்று கேட்டாள். மாதா மாதம் பணம் எடுத்துக்கொள்ள நாம் கொடுக்கும் அனுமதி என்றேன். திரும்பிப் போய் அதையும் அட்டையில் எழுதிவிட்டாள்.