இடிபாட்டுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா

நேயர்களுக்கு வணக்கம்.

புதையல் தேடப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். கிடைத்தது என்ன என்று கேட்டுவிட்டு இன்னும் பலமாகச் சிரிக்கிறார்கள். ஈரம் புகாத ஒரு சின்ன டப்பா, அதற்குள் சுருட்டி வைத்த காகிதம், அந்தக் காகிதத்தில் எனக்கு முன்னால் வந்தவர்களின் பெயரும் தேதியும். நானும் என் பெயரை எழுதுவேன், சுருட்டுவேன், மூடுவேன், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்புவேன். அதற்காக அரை நாள் காட்டுப் பாதையில் நடந்திருப்பேன். இந்த விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங்.

இது பிறந்த நாள் நன்றாகத் தெரியும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அமெரிக்க ராணுவத்துக்காக அனுப்பப்பட்டவை. பொதுமக்களுக்குக் கிடைக்கும் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கருவி ஓர் இடத்தைக் காட்டும், நீங்கள் நூறு மீட்டர் தள்ளி நிற்பீர்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதம் பிறந்தவுடன் அதிபர் கிளின்டனின் உத்தரவால் அந்தக் கலப்படம் நின்றது. மே 3-ஆம் தேதியே, ஓரிகன் மாநிலத்தின் காட்டோரம் ஒன்றில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியை வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிட்டார். வாளியில் புத்தகம், வீடியோ, கொஞ்சம் பணம், ஒரு கவண் எல்லாம் இருந்தன. எதையாவது எடுத்தால் எதையாவது வையுங்கள் என்பதுதான் விதி. சில நாட்களிலேயே ஒருவர் தேடிப் பிடித்துவிட்டார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வாளி மண்ணில் பாதி புதைந்திருந்தது. இன்றைய விதிப்படி, நிலத்துக்குச் சொந்தக்காரர் வெளிப்படையாக அனுமதி தராமல் டப்பாவுக்காக மண்ணைத் தோண்டக் கூடாது. ஆட்டத்தைத் தொடங்கி வைத்த வாளியையே இன்று எளிதில் அனுமதிக்க மாட்டார்கள்!

சரி, காட்டுக்குள் போவோம். நடைபாதை ஓரத்தில் பழைய கல் இடிபாடு ஒன்று இருந்தால், ஒளித்துவைப்பவர்களின் கை துறுதுறுக்கும். கூரை போய்விட்ட நான்கு சுவர்கள், மரத்தின் வேர் பிடித்து நிற்கும் வாசற்படி, சரிந்து கிடக்கும் கற்குவியல். எந்தப் பக்கம் பார்த்தாலும் இடுக்கு, பொந்து. டப்பாவைச் செருகிவிட்டுப் போனால் ஆயிரம் பேருக்குத் தெரியாது என்று தோன்றும். தேடுகிறவருக்கும் அதே நினைப்புதான். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கருவி எவ்வளவு தூரம் கூட வரும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டப்பாவின் இடம் பாகை (டிகிரி), கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்ற கணக்கில், கலைக்குப் பின் மூன்று தசம இடம் வரை தரப்படும். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்காக 1.85 மீட்டர் நகர்கிறது. இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. உங்கள் இடத்தைக் கணக்கிட அவற்றில் குறைந்தது நான்கு, கருவியின் பார்வையில் இருக்க வேண்டும். அடர்ந்த இலைக்கூரை சமிக்ஞையை மங்கவைக்கும். கற்சுவரோ அதைத் திருப்பியடிக்கும். நேராக வந்தது எது, சுவரில் மோதி வந்தது எது என்று கருவிக்குப் புரியாது. அதனால் இடிபாட்டுக்குள் நின்றால் திரையில் அம்புக்குறி கிறுக்குப் பிடித்ததுபோல் சுழலும். ஒளித்துவைத்தவரின் கருவிக்கும் அன்று இதே கதிதான். அவருடைய பிழையும் உங்களுடைய பிழையும் சேர்ந்தால் பத்து மீட்டர் என்பது சாதாரணம்.

பத்து மீட்டருக்குள் வந்ததும் கைப்பேசியைப் பையில் போட்டுவிடுவது என் வழக்கம். நின்று, ஒளித்துவைத்தவரின் இடத்தில் என்னை வைத்துப் பார்ப்பேன். அவர் எந்த வழியாக வந்திருப்பார்? குனிந்தாரா, எட்டினாரா? காடு தன் பொருள்களை அடுக்கி வைப்பதில்லை. ஐந்தாறு குச்சிகள் ஒரே திசையில் படுத்திருந்தால், அங்கே மனிதக் கை பட்டிருக்கிறது. சுற்றிலும் சருகு காய்ந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் சருகின் ஈரப் பக்கம் மேலே திரும்பியிருந்தால், யாரோ அண்மையில் கிளறியிருக்கிறார்கள். கல் இடுக்கில் வெறுங்கையை விடாதீர்கள். பாம்புக்கும் தேளுக்கும் அது வீடு. முதலில் குச்சியால் தட்டுங்கள், பிறகு விளக்கடித்துப் பாருங்கள்.

இனி என் குட்டு ஒன்றை உடைக்கிறேன். ஆட்டத்துக்கு வந்த புதிதில், இப்படியொரு இடிபாட்டில் முக்கால் மணி நேரம் தேடினேன். அம்பு சுவரையே காட்டியது. சுவரின் கீழ் வரிசையில் ஒரு கல் மட்டும் கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தது. இதன் பின்னால்தான் என்று முடிவு கட்டி, ஆட்டி ஆட்டி உருவினேன். பின்னால் இருந்தது மண்ணும் ஒரு நத்தை ஓடும்தான். மேலே இருந்த சிறு கற்கள் இரண்டு சரிந்து விழுந்தன. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் அவசர அவசரமாகத் திருப்பி அடுக்கினேன். டப்பா எங்கே இருந்தது தெரியுமா? சுவருக்கு வெளியே, பன்னிரண்டு எட்டு தள்ளி, விழுந்து கிடந்த மரத்தின் அடியில். ஒளித்துவைத்தவர் புத்திசாலி. சுவரில் கை வைக்கக் கூடாது என்று குறிப்பிலேயே எழுதியிருந்தார். நான்தான் குறிப்பை அரைகுறையாகப் படித்திருந்தேன்.

சுண்ணாம்புக் கலவை இல்லாமல் அடுக்கிய சுவரில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லின் எடையால்தான் நிற்கிறது. ஒன்றை உருவினால் அது அந்த ஒன்றோடு முடிவதில்லை. ஒருவர் உருவினாலே இந்தக் கதி என்றால், டப்பா சுவருக்குள் இருப்பதாகப் பெயர் பரவிவிட்டால் வருகிறவர் எல்லாம் உருவுவார்கள். ஒளித்துவைத்தவர் ஒரு கல்லையும் அசைக்காமல் வைத்திருக்கலாம், தேடி வருகிறவர்கள் சுவரையே இறக்கிவிடுவார்கள். தொல்லியல் பாதுகாப்பில் உள்ள இடமாக இருந்துவிட்டால் சட்டச் சிக்கலும் சேரும். நிலத்துக்குப் பொறுப்பானவரிடம் முன்கூட்டியே அனுமதி பெறுவதை இந்த ஆட்டம் விதியாகவே வைத்திருக்கிறது.

அப்படியானால் இடிபாட்டை விட்டுவிட வேண்டுமா என்றால், எனக்கு அதில் உடன்பாடில்லை. இடிபாட்டைக் கேள்வியாக்குங்கள், டப்பாவை வேறெங்காவது வையுங்கள். பல கட்டத் தேடல் என்று ஒரு வகை உண்டு. முதலில் கிடைக்கும் எண்கள் உங்களை இடிபாட்டுக்குக் கொண்டுபோகும். அங்கே டப்பா இருக்காது. வாசலில் எத்தனை படி மிச்சம், கிழக்குச் சுவரில் எத்தனை மாடக்குழி, நிலைக்கல்லில் எத்தனை துளை என்று எண்ணி எழுத வேண்டும். அந்த விடைகளைப் போட்டால்தான் அடுத்த இடத்தின் எண்கள் முழுமையாகும். அப்படி ஒன்றில், அடுப்படியாக இருந்திருக்கக்கூடிய மூலையில் நான் கால் மணி நேரம் உட்கார்ந்தேன். புகை படிந்த கல் எது, மழையில் கறுத்த கல் எது என்று பிரித்துப் பார்க்க அவ்வளவு நேரம் ஆயிற்று. வெறும் டப்பா வேட்டையாக இருந்திருந்தால் அந்த மூலையைத் தாண்டிப் போயிருப்பேன். இந்த வகையில் கல்லைத் தொடவே வேண்டியதில்லை, கண் மட்டும் போதும்.

டப்பாவுக்குள் தின்பண்டம் வைக்காதீர்கள், காட்டு விலங்குகள் மோப்பம் பிடித்து டப்பாவையே கடித்துவிடும். இரண்டு டப்பாக்களுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும், அதாவது மைலில் பத்தில் ஒரு பங்கு. பென்சில் கொண்டுபோங்கள், ஈரக் காகிதத்தில் பேனா எழுதாது.

நான் கல் உருவிய அந்தச் சுவரை ஆறு ஆண்டுகள் கழித்து மறுபடி பார்த்தேன். பாதை அந்தப் பக்கமாகத்தான் போகிறது, தவிர்க்க முடியவில்லை. சுவர் முழுவதும் சாம்பல் நிறக் கற்பாசி படர்ந்திருக்கிறது. அது வளர்வது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில், பல வகைகள் அதைவிடவும் மெதுவாக. கீழ் வரிசையில் ஒரு கல் மட்டும் வெளிறித் தனியாகத் தெரிந்தது. அன்று அவசரத்தில் திருப்பி வைத்தபோது, பாசி படர்ந்த முகத்தை உள்பக்கமாக வைத்திருக்கிறேன்.

வணக்கம்.