ஏழரைச் சனியின் கணக்கு

வணக்கம் நேயர்களே. ஞாயிற்றுத் தொகுதி பற்றிப் பேசச் சொன்னார்கள். வன்னியில் அது இலகு. இரவில் வயற்காவலுக்குப் போகிறவர்கள் வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி எல்லாவற்றையும் கண்டிருப்பார்கள், பெயர் தெரியாவிட்டாலும். புதன்தான் சூரியனை விட்டு விலகாது. அந்தியிலோ விடியலிலோ அடிவானத்தில் தேட வேண்டும்.

இந்த ஐந்தோடு சூரியனும் சந்திரனும் சேர்ந்தால் ஏழு. கோயிலில் ஒன்பது அல்லவா என்பீர்கள். ராகுவும் கேதுவும் உருண்டைகள் அல்ல. வானத்தில் சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு இடங்கள். அவற்றின் அருகே அமாவாசை நேர்ந்தால்தான் சூரிய கிரகணம். 2019 டிசம்பர் 26 காலையில் வளையமாகத் தெரிந்ததே, அதுவும் அப்படித்தான். பூமி அந்த ஒன்பதில் இல்லை. பார்ப்பவர்கள் அதன்மேல் நிற்கிறார்கள்.

நான் எங்கே பேசப் போனாலும் சனியில் வந்து நின்றுவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏழரைச் சனி என்றதும் வீட்டில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். அது ஏன் ஏழரை? ஏன் ஆறோ எட்டோ இல்லை? சனி சூரியனை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 29½ ஆண்டுகள் எடுக்கிறது. இராசிகள் 12. ஆகவே ஓர் இராசிக்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டு. உங்கள் இராசி, அதற்கு முந்தியது, பிந்தியது, மூன்றையும் கடக்க ஏழரை. பலன்களில் எனக்கு நம்பிக்கையில்லை, கணக்கில் உண்டு. தொலைக்காட்டி இல்லாத காலத்தில் வெறுங்கண்ணால் பார்த்துப் பார்த்துக் கண்ட கணக்கு அது. வியாழனுக்கு ஒரு சுற்று ஏறத்தாழ 12 ஆண்டு. அதனால்தான் வியாழ மாற்றம் அநேகமாக ஆண்டுக்கொருமுறை வருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சூரியனிலிருந்து சனி இருப்பது நம்மைப்போல ஒன்பதரை மடங்கு தூரத்தில். பாதையும் அதே ஒன்பதரை மடங்குதான் நீளம். ஆனால் காலம் இருபத்தொன்பதரை மடங்கு! அப்படியென்றால் பாதை நீண்டது மட்டுமல்ல, நடையும் மெதுவு. தூரம் கூடினால் சூரியனின் இழுவை குறையும், நடை தளரும். திரும்பவும் சொல்கிறேன்: தூரம் கூடினால் நடை தளரும். இந்தத் தொடர்பை 1619 இல் கெப்ளர் விதியாகவே வெளியிட்டார்.

கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார்கள், நேரம் முடிகிறதாம். மிச்சத்தை ஓட்டமாகச் சொல்கிறேன். யுரேனஸைத் தொலைக்காட்டியால் 1781 இல் ஹெர்ஷல் கண்டார். நெப்டியூன் 1846 இல், முதலில் தாளில் கணக்குப் போட்டு, பிறகு வானத்தில். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சிறுகோள்கள். புளூட்டோவை 2006 இல் குறுங்கோளாக்கிவிட்டார்கள், ஆகவே பழைய புத்தகத்தில் ஒன்பது கோள் படித்தவர்கள் எட்டு என்று திருத்திக்கொள்ளுங்கள். வால்வெள்ளிகளுக்கு நேரமில்லை; ஹலி 2061 இல்தான் திரும்பி வருகிறது, அவசரமில்லை. நன்றி, வணக்கம்.