மூன்று சார்புகள் போதும்

நண்பர்களே, 1885இல் கணிதர் வையர்ஷ்ட்ராஸ் ஒன்றை நிறுவினார். மூடிய இடைவெளியில் தொடர்ச்சியாக இருக்கும் எந்தச் சார்பையும், நாம் கேட்கும் அளவு நெருக்கமாக ஒரு பல்லுறுப்புக்கோவையால் தொட்டுவிடலாம். சரி, அந்தப் பல்லுறுப்புக்கோவையை எப்படிக் கண்டுபிடிப்பது? சம இடைவெளியில் புள்ளிகளை எடுத்து, அவை எல்லாவற்றின் வழியாகவும் போகும் கோவையைப் போடலாமே என்று தோன்றும். −1 முதல் 1 வரை 1/(1+25x²) என்ற சார்பை வைத்து ருங்கே 1901இல் காட்டிவிட்டார்: புள்ளிகளைக் கூட்டக் கூட்ட, ஓரங்களில் கோவை மேலும் மேலும் பெரிதாக ஆடுகிறது. சார்போ எங்கும் பூச்சியத்துக்கு மேலேதான் இருக்கிறது.

1912இல் பெர்ன்ஷ்டைன் நிகழ்தகவின் பக்கமிருந்து வந்தார். தலை விழும் நிகழ்தகவு x உள்ள நாணயத்தை n முறை சுண்டுங்கள். k தடவை தலை விழுந்தால் f(k/n) என்ற மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மதிப்புகளின் சராசரிதான் பெர்ன்ஷ்டைன் கோவை. பெரும் எண்களின் விதிப்படி k/n, xஐ நெருங்கும். அதனால் சராசரியும் f(x)ஐ நெருங்கும். சராசரி என்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. f எங்கும் பூச்சியத்துக்குக் கீழே போகாவிட்டால் இந்தக் கோவையும் போகாது.

ஒரு சார்பை வாங்கிக்கொண்டு இன்னொரு சார்பைத் தருவதைச் செயலி என்கிறோம். கூட்டலையும் மாறிலிப் பெருக்கலையும் மதித்தால் அது நேரியல் செயலி. பூச்சியத்துக்குக் கீழே போகாத சார்பைக் கொடுத்தால் அப்படிப்பட்ட சார்பையே திருப்பித் தரும் மிகைப் பண்பும் இருந்தால் மிகை நேரியல் செயலி. 1950களின் தொடக்கத்தில் போமனும் கொரோவ்கினும் இவற்றைப் பற்றிக் கண்டது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது. மிகை நேரியல் செயலிகளின் வரிசை ஒன்று 1, x, x² என்ற மூன்று சார்புகளைச் சீராக, அதாவது இடைவெளி முழுவதும் ஒருசேர, நெருங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். நெருங்கினால், அந்த இடைவெளியில் உள்ள எல்லாத் தொடர்ச்சியான சார்புகளையும் அது நெருங்கும்!

முடிவில்லாத சார்புகளுக்கு மூன்று சாட்சிகள் எப்படிப் போதும்? காரணம் எளியது. f தொடர்ச்சியானது. ஆகவே t, xக்கு அருகில் இருந்தால் f(t)க்கும் f(x)க்கும் உள்ள வேறுபாடு சிறியது. தொலைவில் இருந்தால், அந்த வேறுபாட்டை (t−x)²இன் ஒரு மடங்கு மூடிவிடும். இந்தச் சமனிலியின் இரு பக்கமும் செயலியைப் பயன்படுத்துங்கள். மிகைப் பண்பு இருப்பதால் சமனிலி அப்படியே நிற்கும். (t−x)²ஐ விரித்தால் t², t, 1 தவிர வேறு என்ன வரும்? அவ்வளவுதான் நிறுவல். பெர்ன்ஷ்டைன் செயலி 1ஐயும் xஐயும் மாற்றாமல் தருகிறது. x²க்கு மட்டும் x(1−x)/n கூடுதலாக வருகிறது. n பெருகினால் அது மறைந்துவிடும். 1900இல் ஃபேயர், சைன், கொசைன் அலைகளைக் கூட்டி ஒரு சார்பை எழுதும் ஃபூரியர் தொடரின் பகுதிக் கூட்டுத்தொகைகளைச் சராசரி எடுத்துக் கண்ட முடிவும் இதே வழியில் வந்துவிடுகிறது. அங்கே சாட்சிகள் 1, cos x, sin x.

இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். x=1/2இல் x²க்கு வரும் பிழை 1/(4n). அது பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைய n 2,50,000 ஆக வேண்டும். தோராயப்படுத்தும் சார்போ வெறும் இரண்டாம் படி! வொரோனோவ்ஸ்கயா 1932இல் பொதுவாகவே காட்டினார்: இரண்டு முறை வகையிடக்கூடிய சார்புக்கு, பிழையை nஆல் பெருக்கினால் அது x(1−x)f″(x)/2ஐ நெருங்கும். நேர்கோடுகளைத் தவிர, சார்பு எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் வேகம் கூடாது. வேறு செயலி தேடினாலும் ஓர் எல்லை இருக்கிறது. n படிக் கோவைகளைத் தரும் எந்த மிகைச் செயலியும் அந்த மூன்று சாட்சிகளையும் சேர்த்து 1/n²ஐ விட விரைவாக நெருங்க முடியாது என்று கொரோவ்கினே நிறுவிவிட்டார்.

வேகம் வேண்டுமென்றால் மிகைப் பண்பை விட்டுவிட வேண்டும். 2n படிப் பெர்ன்ஷ்டைன் கோவையை இரட்டித்து, n படிக் கோவையைக் கழியுங்கள். 1/n பிழை அடிபட்டுப் போகும். ஆனால் 0இல் 1 ஆகத் தொடங்கி, 1/2க்குள் பூச்சியத்துக்கு இறங்கி, அப்புறம் பூச்சியமாகவே இருக்கும் ஒரு சார்பை எடுத்து n=1 என்று போட்டுப் பாருங்கள். கிடைப்பது (1−x)(1−2x). எங்கும் கீழே போகாத சார்புக்கு, x=3/4இல் −1/8 என்று விடை வருகிறது.