கனடா போனதும் பெயிண்டிங் கம்பெனி ஆரம்பிக்கலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்ததில் ஒரு கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். வாசித்துவிடுகிறேன்.

"அண்ணா, நான் பெரம்பூர், கொளத்தூர் பக்கம் சொந்தமாக பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். ஆறு பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். மனைவி நர்ஸ். எங்கள் இரண்டு பேருக்கும் கனடா பிஆர், அதாவது நிரந்தரமாகத் தங்குகிற உரிமை, வந்துவிட்டது. டொராண்டோவில், ஸ்கார்பரோ பக்கம் மச்சான் இருக்கிறார். போய் இறங்கியதும் அங்கேயும் பெயிண்டிங் கம்பெனி ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். லைசென்ஸ் வேண்டுமா? கையில் எவ்வளவு பணம் வேண்டும்? நீங்கள் அங்கே வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்."

சரி தம்பி. லைசென்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம். டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் எலக்ட்ரீஷியன், பிளம்பர் வேலைகளில் சான்றிதழ் இல்லாமல் கை வைக்க முடியாது. பெயிண்டருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ரெட் சீல் என்று நாடு முழுக்கச் செல்லுபடியாகும் ஒரு சான்று உண்டு, தேர்வு எழுதி வாங்கினால் மதிப்புதான். இல்லாமலும் வேலை செய்யலாம். ஆனால் இது ஒன்டாரியோவுக்குச் சொல்கிறேன். உங்கள் மச்சான் மான்ட்ரியலில் இருந்திருந்தால் என் பதில் வேறு. கியூபெக் மாகாணத்தில் கான்ட்ராக்டர் லைசென்ஸ் இல்லாமல் பெயிண்டிங் எடுத்துச் செய்ய முடியாது.

உங்கள் சொந்தப் பெயரிலேயே தொழில் செய்தால் பெயர்ப் பதிவுகூடத் தேவையில்லை. கடைக்குப் பெயர் வைக்கிற மாதிரி ஒரு பெயர் வைத்தால் பதிவு செய்ய வேண்டும். இணையத்தில் 60 டாலர் கட்டினால் 5 வருடத்துக்குச் செல்லும். கேட்டுக்கொண்டிருக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தத் தம்பிக்கு பிஆர் இருக்கிறது, அதனால் இப்படிச் சொல்கிறேன். விசிட்டர் விசாவில் போகிறவர்கள், ஒரே முதலாளியிடம் மட்டும் வேலை பார்க்கிற பர்மிட்டில் போகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு பிரஷ்ஷைத் தூக்கிவிடாதீர்கள்.

ஆக, சட்டப்படி இறங்கிய மறுநாளே நீங்கள் ஆரம்பிக்கலாம் தம்பி. ஆனால் ஆரம்பிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒரு குளிர்காலமும் ஒரு கோடைக்காலமும் அங்கே யாரிடமாவது வேலை பாருங்கள். உங்களுக்கு வேலை தெரியாது என்று சொல்லவில்லை. அந்த ஊர் வீட்டில் உங்கள் கை என்ன வேகத்தில் ஓடும் என்று உங்களுக்கே தெரியாது. அது தெரியாமல் விலை சொல்ல முடியாது. அங்கே விலை சொல்வதுதான் தொழிலே.

இங்கே நாம் என்ன செய்கிறோம்? சிமெண்ட் பூச்சுச் சுவர். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சுவர் முழுக்க இரண்டு கை பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, எமல்ஷன் இரண்டு கோட். சதுரடிக்கு இவ்வளவு லேபர் என்று ஏரியாவுக்கு ஏரியா ஒரு ரேட் இருக்கிறது. பாதி வீடுகளில் மெட்டீரியலை வீட்டுக்காரரே வாங்கித் தந்துவிடுவார். பெயிண்டருக்கென்று கம்பெனி டப்பாவுக்குள் வைக்கிற டோக்கன் நமக்கு. கணக்கு தப்பினாலும் பெரிய அடி விழாது. அங்கே வீடு என்பது மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகையைத் திருகி வைத்தது. டிரைவால் என்பார்கள். தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் வரும். பலகையும் பலகையும் சேருகிற இடத்தில் டேப் ஒட்டி, மேலே மட் என்று ஒரு மாவைத் தடவித் தேய்த்திருப்பார்கள். சுவர் முழுக்கப் பட்டி பார்த்த நம் கைக்கு அங்கே பட்டி பார்க்கச் சுவரே இல்லை. அங்கங்கே ஓட்டை, விரிசல், அவ்வளவுதான். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடி உள்ளே மரம் காய்ந்து சுருங்கும். திருகின் தலை சுவரைத் துருத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். அதை மறுபடி உள்ளே இறக்கி, மாவு வைத்து, விளிம்பு தெரியாமல் இழுக்க வேண்டும். அந்த இடத்தில் நம்மூர் பட்டிக்காரன் கை தனியாகத் தெரியும், சந்தோஷமாகச் சொல்கிறேன்.

நம்மை மாட்டிவிடுவது மரவேலை. சுவரடியில் ஓடுகிற பேஸ்போர்டு, கதவைச் சுற்றிய சட்டம், சன்னல் சட்டம், எல்லாம் வெள்ளை. அதற்கும் சுவருக்கும் நடுவில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு வர வேண்டும். டேப் ஒட்டி அடிப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் நல்ல ஆட்கள் டேப் இல்லாமல் கையாலேயே அந்தக் கோட்டை இழுப்பார்கள். சாய்வாக நறுக்கிய இரண்டரை அங்குல பிரஷ். மூன்றில் ஒரு பங்குதான் பெயிண்டில் நனைய வேண்டும். டப்பாவின் உள்பக்கத்தில் இரண்டு பக்கமும் தட்ட வேண்டும், விளிம்பில் வழிக்கக் கூடாது. கோட்டிலேயே பிரஷ்ஷை வைக்காமல் அரை அங்குலம் தள்ளி வைத்து, பெயிண்ட் இறங்கியதும் மெல்ல அழுத்தி முடிகளைக் கோட்டு வரைக்கும் ஏற்றி, மூச்சு விடாமல் ஓர் இழுப்பு. சீலிங் ஓரமும் இப்படித்தான். இது வராமல் அங்கே யாரும் உங்களை பெயிண்டர் என்று சொல்ல மாட்டார்கள். ஊரை விட்டுக் கிளம்புவதற்குள் உங்கள் சைட்டிலேயே பழகலாம். நம் ஆட்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இப்போது விலைக்கு வாருங்கள். 12 அடிக்கு 10 அடி ரூம், உயரம் 8 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சுவரும் சேர்ந்து 352 சதுரடி. இரண்டு கோட் என்றால் 704. அங்கே பெயிண்ட் கேலன் கணக்கு, ஒரு கேலன் 3.78 லிட்டர், சுமார் 350 முதல் 400 சதுரடி ஓடும். கதவு சன்னலைக் கழித்தால் இரண்டு கேலனில் முடிந்துவிடும். இந்தக் கணக்கு உங்களுக்குத் தூக்கத்தில்கூட வரும். கொட்டேஷனில் இது சின்னப் பங்குதான். பெரிய பங்கு உங்கள் நேரம். சாமானை நகர்த்தி, தரைக்குத் துணி விரித்து, ஓட்டை அடைத்துக் காயவிட்டு, தேய்த்து, தூசியை வேக்குவம் வைத்து உறிஞ்சி, பேஸ்போர்டு இடுக்கில் கால்க் என்கிற அடைப்புப் பசை இழுத்து, அப்புறம்தான் பெயிண்ட் டப்பாவையே திறப்பீர்கள். அதுவும் ஆட்கள் குடியிருக்கிற வீட்டில், நாயோடும் குழந்தையோடும். சாயங்காலம் எல்லாவற்றையும் சுருட்டி வைத்துவிட்டு வர வேண்டும். இதற்கு ஒரு நாளா, இரண்டு நாளா? இரண்டு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி சொல்லிவிட்டால் இரண்டாம் நாள் நீங்கள் சும்மா உழைக்கிறீர்கள்.

இங்கே மாதிரி, "வேலை ஜாஸ்தியாயிருச்சு சார், பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்று கடைசியில் தலையைச் சொறியவும் முடியாது. ஒன்டாரியோ நுகர்வோர் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எஸ்டிமேட் என்று எழுதிய தொகைக்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டி வாங்கக் கூடாது. கூடுதல் வேலை என்றால் அப்போதே தனியாக எழுதி, அவர் ஒப்புதல் வாங்க வேண்டும். வாடிக்கையாளர் வீட்டிலேயே உட்கார்ந்து போட்ட ஒப்பந்தம் என்றால் 10 நாளுக்குள் காரணமே சொல்லாமல் அவர் ரத்து செய்யலாம். அதனால் எத்தனை கோட், எந்தப் பெயிண்ட், கதவுக்கு உள்பக்கம் உண்டா, அலமாரிக்குள் உண்டா என்று எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த அலமாரிக்குள் என்பதில் எத்தனை சண்டை நடந்திருக்கிறது தெரியுமா!

யாரிடம் வேலைக்குச் சேர்வது? ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் இலங்கைத் தமிழர்கள் நிறைய. நமக்கு முன்பே போய் ஊன்றியவர்கள். தமிழிலேயே வேலை கிடைத்துவிடும். ஆனால் சேரும்போது ஒன்று கேளுங்கள்: பேரோலில், அதாவது சம்பளப் பட்டியலில், எடுக்கிறீர்களா, வருட முடிவில் டி4 என்கிற சம்பளச் சான்று தருவீர்களா? சிலர், "நீங்களே ஒரு பிசினஸ் நம்பர் வாங்கிக்கொண்டு எனக்கு பில் போடுங்கள்" என்பார்கள். கேட்க கௌரவமாக இருக்கும். ஆனால் விடுமுறைச் சம்பளம் போச்சு, வேலை போனால் கிடைக்கிற இன்சூரன்ஸ் போச்சு, முதலாளி பாதி நாம் பாதி கட்டுகிற பென்ஷன் தொகையை முழுவதும் நீங்களே கட்ட வேண்டும். ஒரே ஆளுக்கு, அவர் சொன்ன நேரத்தில், அவர் வண்டியில் போய் வேலை பார்த்தால் நீங்கள் வேலையாள்தான். கான்ட்ராக்டர் இல்லை.

ஒரு வருடம் ஓட்டியபின் சொந்தமாக இறங்கும்போது முதல் செலவு இன்சூரன்ஸ். அடுத்தவர் சொத்துக்கு உங்களால் சேதம் வந்தால் ஈடுகட்டும் பாலிசி. 20 லட்சம் டாலர் கவரேஜ் என்பது அங்கே சாதாரணமாகக் கேட்கிற தொகை. அடுக்குமாடிக் கட்டடத்தில் அந்தச் சான்றைக் காட்டினால்தான் சாமான் ஏற்றுகிற லிஃப்டையே தருவார்கள். தொழிலுக்கு ஓட்டுகிற வண்டி என்று கார் இன்சூரன்ஸிலும் சொல்லிவிட வேண்டும். அப்புறம் டபிள்யூஎஸ்ஐபி. வேலையில் அடிபட்டால் பார்த்துக்கொள்கிற மாகாண அமைப்பு. 2013 ஜனவரி முதல் கட்டுமானத் தொழிலில் தனி ஆளாகச் செய்கிறவரும் அதில் சேர்ந்தாக வேண்டும். வீட்டுக்காரர் நேரடியாகக் கூப்பிட்டு, அவர் குடியிருக்கிற வீட்டில் மட்டும் செய்கிறவருக்கு விலக்கு உண்டு. பில்டரிடம் ஒரு வேலை எடுத்தாலும் விலக்கு போய்விடும்.

வரி: ஒன்டாரியோவில் எச்எஸ்டி, நம் ஜிஎஸ்டி மாதிரி, 13 சதவீதம். தொடர்ந்து நான்கு காலாண்டில் உங்கள் வரவு 30,000 டாலரைத் தாண்டும் வரை பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்யாமல் பில்லில் எச்எஸ்டி வாங்கவும் கூடாது. பதிவு செய்தபின் வாங்குகிற 13 சதவீதம் உங்கள் பணம் இல்லை. தனிக் கணக்கில் போட்டு வையுங்கள், தொடாதீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. "நம்ம ஆள்தானே, கேஷா வாங்கிக்கோங்க, பில்லெல்லாம் எதுக்கு" என்பார்கள். நம் ஆட்களிடம்தான் அதிகம் வரும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நாளைக்கு நீங்கள் வீடு வாங்க பேங்கில் நிற்கும்போது, வருமான வரித்துறை தந்த மதிப்பீட்டுத் தாளைத்தான் கேட்பார்கள். அதில் காட்டாத வருமானம் உங்களுக்கு இல்லாத வருமானம்.

இங்கே மாதிரி வெளிச்சுவர் வேலையை நம்பாதீர்கள். டொராண்டோ புறநகரில் பெரும்பாலும் வெளியே செங்கல்தான், அதற்கு யாரும் அடிக்கடி பெயிண்ட் அடிப்பதில்லை. சன்னல் சட்டம், கராஜ் கதவு, டெக் என்கிற வெளி மரத்தளம், வேலி, அதுவும் மே முதல் செப்டம்பர், அக்டோபர் வரைதான். பெரும்பாலான பெயிண்டுக்கு 10 டிகிரியாவது வேண்டும். குளிர் வந்துவிட்டால் வீட்டுக்குள் வேலை, ஜனவரியில் போன் அடிப்பது குறையும். நீங்கள் பணம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. பிரஷ், ரோலர், இரண்டு ஏணி, ஒரு பழைய வேன் இதற்குப் பெரிய முதல் தேவையில்லை. வேலை இல்லாத மூன்று மாத வாடகையும் சாப்பாடும்தான் உங்கள் முதல். மனைவி நர்ஸ் என்றாலும், அங்கே பதிவு வாங்கி அந்த வேலையில் உட்கார அவருக்கும் காலம் பிடிக்கும். அதையும் கணக்கில் வையுங்கள்.

பழைய வீடு என்றால் ஜாக்கிரதை. 1960க்கு முன் கட்டிய வீட்டில் பழைய கோட்டில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு. உலர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். சோளப்பொரி ஒட்டியது மாதிரி சொரசொரப்பாக சீலிங் இருந்தால் சுரண்டுவதற்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் சோதனை. நம்மூரில் சவுக்குச் சாரத்தில் வெறுங்காலோடு ஏறுவோம். அங்கே கட்டுமான இடத்தில் பெல்ட் கட்டி உயரத்தில் வேலை பார்க்க உயர வேலைப் பயிற்சிச் சான்று வேண்டும், 3 வருடம் செல்லும். முதல் மாதமே முடித்து வையுங்கள், வேலை கேட்கும்போது உதவும்.

பெட்டியில் என்ன எடுத்துப் போவது என்று அடுத்துக் கேட்பீர்கள். சாண்டிங் மெஷின் வேண்டாம், நம் மெஷின் 230 வோல்ட், அங்கே 120. பிரஷ் அங்கேயே நன்றாகக் கிடைக்கும். நீங்கள் முடித்த வேலைகளின் போட்டோ, முன்னும் பின்னுமாக. பில்டர்களிடம் லெட்டர்ஹெட்டில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ன வேலை என்று எழுதி வாங்கிய கடிதம். ரெட் சீல் பக்கம் போக நினைத்தால் அனுபவத்தைக் காட்ட அதுதான் ஆதாரம். கடைசியாக, உங்கள் ஆர்டிஓ ஆபீஸில் டிரைவிங் லைசென்ஸ் எக்ஸ்ட்ராக்ட். எத்தனை வருடமாக ஓட்டுகிறீர்கள் என்பதற்குச் சான்று இருந்தால் ஒன்டாரியோவில் ரோட் டெஸ்ட்டுக்குக் காத்திருக்கும் காலம் குறையும். வண்டி இல்லாமல் ஏணியை பஸ்ஸில் ஏற்ற முடியாது. அங்கே போனபிறகு இந்தக் காகிதத்துக்காக இங்கே யாரையாவது அலைய விடுவதைவிட, டிக்கெட் போடுவதற்கு முன்பே நீங்களே போய் வாங்கிவிடுங்கள்.

சரி, அடுத்த கேள்வி போரூரிலிருந்து. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் உப்பு பூக்கிறதாம்.